ஸ்டியரிங்கைப் பிடித்தால் சுபாவமும் மாறுமா?

"அம்மா, அந்த எருமை விழுந்துடுச்சும்மா!"

காரின் பின் ஸீட்டிலிருந்து என் ஐந்து வயதுப் பையன் இப்படிச் சொன்னபோது, ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஏதோ பள்ளத்தில் விழுந்துவிட்டதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். தர்மபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகிற ரோட்டில் ஆடு மாட்டுக்கு என்ன பஞ்சம்? கண்ணாடியில் பார்த்தேன். மாடு இல்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட பெண் ஒருத்தி சைக்கிளோடு மண்ணில் கிடந்தாள்.

அரை நிமிஷத்துக்கு முன்னால் அவளை "எருமை" என்று திட்டியவள் நான்தான்.

சகோதரிகளே, இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். 'ஊரெல்லாம் தெரிய உன் தப்பை நீயே தண்டோரா போடணுமா?' என்று என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். ஆனால் நம்மில் எத்தனையோ பேர் இப்போது ஸ்கூட்டரும் காரும் ஓட்டுகிறோம். என்னைப் போலவே பின் ஸீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டும் ஓட்டுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று ஆடி வெள்ளிக்கிழமை. அம்மா வீட்டில் மாவிளக்கு போடுகிறார்கள் என்று பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகவே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நாலரை மணி இருக்கும். ஆடி மாசம் வந்தால் அந்த ரோட்டின் கதையே வேறு. ஒகேனக்கல் போகும் வேன்களும் வெளியூர்க் கார்களுமாக வரிசை கட்டி நிற்கும். வழியில் பூ வாங்க நின்றதில் பத்து நிமிஷம் தாமதம். அம்மா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். அந்த நேரம் பார்த்து எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பக்கம் பக்கமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள்.

ஹாரன் அடித்தேன். ஒருத்தி முன்னால் போய்விட்டாள். இன்னொருத்தி ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவள் எங்கே நகர்வது? இதை இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கத் தோன்றவில்லை. எதிரே வேன் வருகிறது, அதற்குள் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் மனசில். ஹாரனை அழுத்திப் பிடித்தேன். "எருமை மாதிரி போறதப் பாரு, நகருதா பாரு!" என்று வாய் பாட்டுக்குச் சொல்லியது. உரசுகிற மாதிரி அவளைத் தாண்டினேன். அவள் பயந்துபோய் ஹேண்டிலை ஒடித்திருக்கிறாள். அங்கே தார் ரோடு மண்ணைவிட ஒரு சாண் உயரம். முன் சக்கரம் இறங்கியதும் ஆளும் சாய்ந்துவிட்டாள்.

ஏ.ஸி. போட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றி, பையனுக்காகப் பாட்டும் வைத்திருந்தேன். அவள் கத்தியதோ சைக்கிள் விழுந்ததோ எதுவும் என் காதில் விழவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் பார்த்த பிறகும் என் கால் உடனே பிரேக்குக்குப் போகவில்லை. 'நான் இடிக்கவில்லையே, அவளாகத்தானே விழுந்தாள்?' என்று மனசு வக்காலத்து வாங்கிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டேன். பையன் திரும்பவும், "அம்மா, எருமை அழுவுதும்மா" என்றான். அப்புறம்தான் வண்டியை ஓரம் கட்டினேன்.

திரும்பி ஓடினால், முழங்காலில் ரத்தம், உள்ளங்கையெல்லாம் ஜல்லி கீறிய சிராய்ப்பு. கூட வந்த பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "ஏன் ஆன்ட்டி, ஓரமாத்தான போனோம்?" என்று கேட்டாள். விழுந்தவளோ அவள் கையைப் பிடித்து அடக்கிவிட்டு, "ஸாரி ஆன்ட்டி, எம் மேலதான் தப்பு. வழிய வுட்டிருக்கணும்" என்றாள்.

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறாள்! அதைவிட அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற கவர்ன்மென்ட் சைக்கிள். 2001-ம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் என்று விரிந்த திட்டம். 2006-ல் பிளஸ் ஒன் படிக்கும்போது எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. அதுவரை எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடைதான், இல்லாவிட்டால் எப்போது வரும் என்று தெரியாத டவுன் பஸ். சைக்கிள் வந்த அன்று ராத்திரி அதைத் திண்ணையில் சாத்திவைத்துவிட்டு, யாராவது திருடிவிடுவார்களோ என்று நாலு தடவை எழுந்து பார்த்தேன். மேலே படிக்க முடிந்ததே அந்தச் சைக்கிளால்தான் என்று என் பையனுக்கு நானே கதை சொல்லியிருக்கிறேன். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதையும், 1992-ல் மகளிர் தினத்தையொட்டி மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனதையும் படித்தபோது கண் கலங்கியிருக்கிறேன். இப்படிப்பட்ட மகாராணி, அதே சைக்கிளில் வந்த பெண்ணை மண்ணில் தள்ளிவிட்டு நிற்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். இடையில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், தாய்மார்களுக்கு உபயோகப்படும். போகிற வழியில் ஒரு அம்மா, "காப்பித்தூள் அப்பினா ரத்தம் நின்னுடும்" என்று கையில் பொட்டலத்தோடு வந்துவிட்டாள். நர்ஸ் கேட்டுவிட்டு, "நல்ல வேளை அப்பல" என்றார். ஜல்லிச் சிராய்ப்புக்கு முதல் வைத்தியம் ஓடுகிற தண்ணீரும் சோப்பும்தான். உள்ளே மண் தங்கினால்தான் சீழ் பிடிக்கும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் என்று எதைப் போட்டாலும் பிறகு அதைச் சுத்தம் செய்வதே பெரும் பாடு. கழுவிக் கட்டுப்போட்டு ஊசியும் போட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை. தெய்வ சங்கற்பம்!

சைக்கிள் கடைக்காரர் முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை ஒரே திருகில் நேராக்கினார். "கார்தானம்மா?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். "வாரத்துக்கு ரெண்டு மூணு இப்டி வரும். இடிச்சதுன்னு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பயந்து எறங்கனதுதான்" என்றார்.

அன்று மாவிளக்கு எப்படி இருந்தது என்றே எனக்கு நினைவில்லை. அப்பாவிடம் சொன்னேன். எங்கப்பா நாற்பது வருஷம் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனவர். கோபித்துக்கொள்ளவில்லை. "ஹாரன் எவ்ளோ தூரத்துல அடிச்ச?" என்று மட்டும் கேட்டார்.

"கிட்ட வந்துதாம்ப்பா."

"தூரத்துல ஒரு தபா அடிச்சா, 'பின்னால வர்றேன், பாத்துக்கோ'ன்னு சொல்ற மாதிரி கண்ணு. முதுகுகிட்ட வந்து அடிச்சா, புடிச்சுத் தள்ற மாதிரி. பால் கேனோட நான் எத்தினி தபா பள்ளத்துல எறங்கியிருப்பேன் தெரியுமா?"

தெரியாமல் என்ன? பால் சட்டையோடு வீட்டுக்கு வருவார். அம்மா அந்த லாரிக்காரனைத் திட்டித் தீர்ப்பாள். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

நேற்றைய மருமகள்தான் இன்றைய மாமியார் என்பார்களே, அது ரோட்டுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. மாமியார்கள் தாங்கள் பட்ட கஷ்டத்தை மறந்துபோவதால் மருமகளைப் படுத்துவதில்லை. 'நான் படவில்லையா? இவளுக்கு மட்டும் என்ன?' என்றுதான் படுத்துகிறார்கள். நானும் அப்படித்தான். சைக்கிள் ஓட்டிய காலத்தில் பஸ் வந்தால் நான் மண்ணில் இறங்கி நின்றவள். ஆகவே இன்று நான் வந்தால் இன்னொருத்தி இறங்க வேண்டும். இந்தக் கணக்கை நான் யோசித்துப் போடவில்லை. அது தானாகவே உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்கப்புறம் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நான் ஒருத்திதான் இப்படியா, அல்லது ஊர் உலகமே இப்படியா என்று தெரிந்தால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்குமே! ஊர் உலகமே இப்படித்தான். ஆனால் ஆறுதல்தான் கிடைக்கவில்லை.

1950-லேயே வால்ட் டிஸ்னி கம்பெனி ஒரு சின்னக் கார்ட்டூன் படம் எடுத்திருக்கிறது. அதில் கூஃபி என்ற நாய், நடந்து போகும்போது எறும்பைக்கூட மிதிக்காத பரம சாது. காரில் ஏறி உட்கார்ந்ததும் கண் சிவந்து, பல்லைக் கடித்து, எல்லோரையும் விரட்டுகிற ராட்சசன். இறங்கியதும் திரும்ப சாது. நடக்கும்போது ஒரு பெயர், ஓட்டும்போது வேறு பெயர்! என் பையன் அதைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2019-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. 442 பேரிடம் கேள்வி கேட்டார்கள். பூச்சியில் தொடங்கி முழு மனிதன் வரை படிப்படியாக ஒரு படத்தைக் காட்டி, 'சைக்கிள் ஓட்டுகிறவர்களை எந்தப் படியில் வைப்பீர்கள்?' என்றார்களாம். சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர்களை முழு மனிதர் என்கிற படியில் வைக்கவில்லை! கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேர், வேண்டுமென்றே காரை வைத்து சைக்கிளை மறித்ததாக ஒப்புக்கொண்டார்கள். 11 பேர் வேண்டுமென்றே உரசுகிற மாதிரி ஓட்டியிருக்கிறார்கள். கீழ்ப்படியில் வைத்தவர்களிடம்தான் இந்த வம்பும் அதிகமாக இருந்ததாம். பூச்சி என்கிறார்கள் அவர்கள். எருமை என்றேன் நான். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

இங்கிலாந்தில் 2006-ல் இயன் வாக்கர் என்ற பேராசிரியர் செய்ததைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். தாண்டிப்போகும் வண்டிகள் எவ்வளவு இடம் விடுகின்றன என்று அளக்கும் கருவியைத் தம் சைக்கிளில் பொருத்திக்கொண்டு ஓட்டினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அளந்தார். சில சமயம் நீளமான சவுரிமுடியை வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து பார்த்தால் பெண் மாதிரி தெரிய ஓட்டினார். பெண் என்று நினைத்தபோது வண்டிகள் சராசரியாக 14 சென்டிமீட்டர் கூடுதலாகத் தள்ளிப் போயினவாம். அப்படியென்றால் என்ன அர்த்தம்? தள்ளிப்போக இடம் எப்போதும் இருந்திருக்கிறது. யார் என்று பார்த்துத்தான் விடுகிறார்கள். அந்தப் பாழாய்ப்போன ஆராய்ச்சியின்போதே அவரை ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடித்துவிட்டனவாம், பாவம்.

சரி, காரில் ஏறினால் மட்டும் ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

தெருக்குழாயடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சண்டை வராத நாள் உண்டா? ஆனாலும் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறோம். அவள் கண்ணில் தண்ணீர் வந்தால் நம் குரல் தானாக இறங்குகிறது. நாளைக்குக் கறிவேப்பிலைக்கு அவள் வாசலில் போய் நிற்க வேண்டுமே என்ற நினைப்பும் இருக்கிறது. காரில் இதெல்லாம் கிடையாது. நமக்குத் தெரிவது முதுகு மட்டும். அதுவும் சில விநாடி. அவர் பேசுவது நமக்குக் கேட்காது, நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. 'கொஞ்சம் வழி விடுங்க அண்ணா' என்று சொல்லவும், 'மன்னிச்சுக்குங்க' என்று சொல்லவும், 'அடச்சீ, போ!' என்று சொல்லவும் ஒரே ஒரு ஹாரன்தான். நாம் எந்த அர்த்தத்தில் அடித்தாலும் அவருக்குக் கடைசி அர்த்தம்தான் போய்ச் சேர்கிறது.

இன்னொன்று, பால் பொங்கிய கதை. நம் அடுப்பில் பால் பொங்கினால், 'போன் வந்துடுச்சு, அதான்' என்கிறோம். மருமகள் அடுப்பில் பொங்கினால், 'பொறுப்பே கிடையாது' என்கிறோம். ரோட்டிலும் நான் வேகமாகப் போனால் அவசரம். இன்னொருவர் வேகமாகப் போனால் திமிர். நான் குறுக்கே புகுந்தால் வேறு வழியில்லை. சைக்கிள்காரர் குறுக்கே வந்தால் அறிவில்லை. 1981-ல் ஸ்வென்ஸன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், 'ஓட்டுவதில் நீங்கள் எப்படி?' என்று கேட்டபோது, அமெரிக்காவில் பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு 93 பேர் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்களாம். நூறு பேரில் 93 பேர் எப்படி ஐம்பதுக்குள் அடங்குவது? என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்தத் தொண்ணூற்று மூன்றில்தான் இருந்திருப்பேன். டிரைவிங் ஸ்கூலில் என்னைத்தான் எல்லோருக்கும் முன்னால் புகழ்வார்கள்!

அவசரம் என்று சொல்கிறோமே, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். அதன் பின்னாலேயே 200 மீட்டர் பொறுமையாகப் போனால் 48 விநாடி ஆகும். ஐம்பதில் போயிருந்தால் 14 விநாடி. நஷ்டம் 34 விநாடி. வாணலியில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற நேரம்கூட இல்லை. அதற்குத்தான் அந்தப் பெண்ணின் முழங்கால். இன்னும் கேளுங்கள். ஐம்பதில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். பின் ஸீட்டில் தண்ணி பாட்டிலைக் கேட்டு அழுகிற பிள்ளையை ஒரு விநாடி திரும்பிப் பார்த்தால், ஒரு பஸ் நீளத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினாலே உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நாலு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

2022-ல் நம் நாட்டில் ரோடு விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூ வீலரில் போனவர்கள். ஐந்தில் ஒருவர், ஏறக்குறைய, வெறுமே நடந்து போனவர். காருக்குள் இருப்பவருக்குத் தகரச்சுவர் உண்டு, பெல்ட் உண்டு. சைக்கிளில் போகிறவருக்கு அவர் சட்டைதான்.

நம்மைவிடப் பெரிய வண்டிக்கு முன்னால் நாம் என்ன ஆகிறோம் என்று பார்க்க வேண்டுமானால், தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கிப் பாருங்கள். இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த சில லாரிகள் கியரை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டே வரும். பாரத்தோடு வரும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் என்ன நடக்கும்? 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகள் மேல் மோதி நாலு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியிலும் நாலு பேர். ஒருமுறை அந்த இறக்கத்தில் என் பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்து விடாமல் ஹாரன் அடித்தது. எனக்குக் கையெல்லாம் வேர்த்து, ஸ்டியரிங் வழுக்கியது. 'எங்கேய்யா நகர்றது? கண்ணு தெரியலையா?' என்று தனியாகக் கத்தினேன். அந்த டிரைவரும் மேலே உட்கார்ந்து என்னை ஏதாவது மிருகத்தின் பெயர் சொல்லித்தான் அழைத்திருப்பார்.

சைக்கிள்காரர்கள் எல்லாம் அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரியில் விளக்கில்லாமல் வருவது, ஒன்வேயில் எதிரே வருவது, மூன்று பேர் கைகோத்துக்கொண்டு போவது எல்லாம் உண்டு. முன்பெல்லாம் டைனமோ விளக்கு எரியும். இப்போது அதுவும் அருகிவிட்டது. உங்கள் பிள்ளை சைக்கிளில் போனால், பின் மட்கார்டில் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், பிரேக் கட்டையைப் பாருங்கள், குறுகலான ரோட்டில் ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்லுங்கள். ஆனால் சைக்கிள்காரர் தப்பு செய்தால் பெரும்பாலும் அடிபடுவது அவரேதான். நாம் தப்பு செய்தாலும் அடிபடுவது அவர்தான். இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தியபோது இதையே முதலில் வைத்தார்கள். யாரால் அதிக சேதம் விளையுமோ, அவருக்கே அதிகப் பொறுப்பு என்று. சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விடவும் சொல்கிறது அந்த விதி. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவு. அவ்வளவு இடம் இல்லையென்றால் என்ன செய்வது? பின்னாலேயே போக வேண்டியதுதான்.

அந்த விதிகளில் இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கார்க் கதவைத் திறக்கும்போது, கதவுக்குப் பக்கத்திலிருக்கும் கையால் திறக்காமல், தூரத்துக் கையால் திறப்பது. நம் ஊர் டிரைவர் ஸீட்டில் இருப்பவர் இடக் கையால் திறக்க வேண்டும். அப்போது உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கண் பார்த்துவிடும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் படாரென்று கதவைத் திறந்து எத்தனை பேரைத் தள்ளியிருக்கிறார்கள்! என் பையனுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது.

பெரிய பையன்கள் உள்ள தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 'டென்த் பாஸ் பண்ணா பைக்' என்று ஆசை காட்டாதீர்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

என் பையன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அந்தப் பெண்ணின் காயத்தைவிட அதிகமாக வலித்தது அவன் சொன்ன வார்த்தைதான். அவன் திட்டவில்லை பாருங்கள். அவனுக்குக் கோபமே இல்லை. ரோட்டில் சைக்கிளில் போகிறவர்களுக்கு எருமை என்று பெயர் என நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் வாங்கிக்கொடுத்த எழுத்துப் புத்தகத்தில் 'எ'-வுக்கு எறும்பு இருந்தது. எருமையை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தினமும் காலையும் மாலையும், பள்ளிக்கூடம் போகிற வழியில். வீட்டில் வேலைக்கு வரும் அக்காவை 'வாங்க போங்க' என்று கூப்பிடச் சொல்லி வளர்க்கிறவள் நான். காருக்குள் அந்தப் பாடத்தையெல்லாம் நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். முன்னால் யார் போகிறார்கள் என்று அவன் சொல்ல வேண்டும். "கீரைக்கார ஆயா!" "தக்காளிக் கூட வெச்ச தாத்தா!" "பால்கார மாமா, நம்ம தாத்தா மாதிரி!" பெயர் வைத்த பிறகு அவர்கள் முதுகில் ஹாரன் அடிக்க எனக்கே கை வருவதில்லை. ஊருக்குள் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஒரு சாண் இறக்கிவிடுகிறேன். புழுதிதான், என்ன செய்வது. கிளம்புவதைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவைத்தேன். ராத்திரியில் எதிரே சைக்கிள் வந்தால் விளக்கை டிம் பண்ணுகிறேன். வாய் மட்டும் இன்னும் முழுசாக அடங்கவில்லை. போன வாரம் நான்கு ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் குறுக்கே வந்தபோது "எரு..." வரைக்கும் வந்துவிட்டது. பின்னாலிருந்து, "அம்மா, அது ஆட்டோ மாமா" என்று திருத்தல் வந்தது.

அந்தப் பெண்ணை வெள்ளிக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போகும்போது பார்க்கிறேன். முழங்கால் ஆறிவிட்டது. நான் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ஹாரன் அடிப்பதில்லை. ஆனாலும் என் வண்டியின் சத்தம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது போலும். திரும்பிப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி, மண்ணில் ஓரமாக நின்று, "போங்க ஆன்ட்டி" என்று கையைக் காட்டுகிறாள். கண்ணாடியை இறக்கி, "நீ போம்மா, நான் மெதுவா வர்றேன்" என்றேன். "இல்ல ஆன்ட்டி, நீங்க போங்க" என்கிறாள். போன வெள்ளிக்கிழமை நான் நகரவே இல்லை. அவளும் நகரவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டார்.